மலை விவசாயம்: கடனும் மானியமும் – வாசகர் கேள்விகள்

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. கிசான் கார்டு (விவசாயிகளுக்கான வங்கிக் கடன் அட்டை) கிடைக்குமா? (கோத்தகிரி)

உங்கள் பெயரில் பட்டா இல்லாமல் வங்கியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வாரிசுச் சான்று வாங்கி முதலில் பட்டாவை மாற்றுங்கள்.

எனக்கு எவ்வளவு லோன் தருவார்கள்? (ஏற்காடு)

என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? பயிருக்குப் பயிர் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. கிசான் கார்டில் வட்டி 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 4. கூட்டுறவுச் சங்கத்தில் கெடு தவறாவிட்டால் வட்டியே இல்லை. கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வன உரிமைப் பட்டாவுக்குக் கடன் உண்டா? (கொல்லிமலை)

அந்தப் பட்டாவை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அடமானமில்லாப் பயிர்க்கடனுக்கு பழங்குடியினருக்கான லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கத்தில் விண்ணப்பியுங்கள்.

ஏழு ஏக்கர் இருக்கிறது. சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டா? (கொடைக்கானல்)

இல்லை, உங்களுக்கு 75 சதவீதம்தான். 5 ஏக்கருக்குள் இருந்து சிறு குறு விவசாயி சான்று வைத்திருப்பவருக்கே 100.

மானியத்தில் கட்டிய கல்வரப்பு இரண்டே மழையில் சரிந்தது. மறுபடி மானியம் கிடைக்குமா? (ஊட்டி)

மானியத்தை அப்புறம் பார்க்கலாம். வரப்பு ஏன் சரிந்தது? நீங்கள் அனுப்பிய படத்தில் படிமட்டம் (சரிவில் படிபோல வெட்டிய நிலம்) வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கேரட் பாத்தி மேலிருந்து கீழாக ஓடுகிறது. மழைநீர் முழுக்க வரப்பின் தலையில் விழுந்தால் எந்தக் கல் நிற்கும்? கனமழைப் பகுதியில் படிமட்டம் மலைப்பக்கமாக, உள்நோக்கிச் சாய வேண்டும். உள் ஓரத்தில் சிறு வாய்க்கால் வேண்டும். அது போய்ச் சேரும் வடிகாலில் புல் வளர்ந்திருக்க வேண்டும். 1954 முதல் உங்கள் ஊரிலேயே மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒருநாள் அங்கே போய்க் கேட்டிருக்கலாமே!

தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்றுதான் சரிவோடு பாத்தி பிடிக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் பாத்தியைக் குறுக்கே போட்டு, வாய்க்கால் பக்கம் லேசான சாய்வு கொடுத்தாலே நீர் வடிந்துவிடும், மண் தங்கும். அடுத்த மழையில் வடிகால் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். அதில் படியும் செம்மண் நீங்கள் உரம் போட்டு வளர்த்த மேல்மண். எந்தத் திட்டத்திலும் அதைத் திருப்பித் தர மாட்டார்கள்.

சாய்வைச் சரிசெய்துவிட்டு வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பியுங்கள். வரப்பு வேலை தொடங்கும் முன்பே அதிகாரியை வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள்.

என் நிலத்து மரத்தை வெட்ட யாரைக் கேட்க வேண்டும்? (குன்னூர்)

1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் கமிட்டியின் அனுமதி வேண்டும். வெட்டிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.