தண்ணி கிளியரா இருந்தா மணலும் சுத்தமோ?

யாழ்ப்பாணம் காரைநகர் கசூரினா பீச்சில தண்ணி கண்ணாடி மாதிரித்தானே, பிறகேன் மணலில பங்கசு (பூஞ்சை) தேடீனம் எண்டு கேட்டிருக்கிறியள். தண்ணியில வாற கிருமி அலையோட கலைஞ்சு போயிடும், மணல் அப்பிடியில்லை, வடிகட்டி மாதிரிப் பிடிச்சு வச்சிருக்கும், அதிலயும் அலை படாத காய்ஞ்ச மணல், நாங்கள் பாய் விரிச்சு சோத்துப் பார்சல் பிரிக்கிற இடம்தான் கவனிக்கோணும். எல்லாப் பங்கசும் ஊத்தையால வாறேல்லை, சவுக்கஞ் சருகு உக்கினாலும் வரும். ஆனா கண்டிடா அல்பிகன்ஸ் எண்ட, ஆக்களின்ர உடம்பில வாழுற பங்கசு நிறைய இருந்தா அவையின்ர உடம்பிலயிருந்தோ கழிவிலயிருந்தோ வந்திருக்கு எண்டு சந்தேகப்படலாம். படர்தாமரைப் பங்கசு தோல், நகம், மயிரோட உதிருறது, நாய் பூனையும் கொண்டுவரும். 2021இல உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு கிராம் மணலுக்கு 89 பங்கசுக் கொலனி (வளர்த்துப் பாக்கேக்க தெரியிற கூட்டம்) எண்டு வழிகாட்டி அளவே சொல்லியிருக்கு. காலில புண் இருந்தா மட்டும் செருப்பைக் கழட்டாதேங்கோ.