வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? ஜூனியர் சிஸ்டம் அட்மின் வேலைக்கு வேண்டிய முன் அனுபவத்தை எங்கே பெறுவது?

பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து ஓராண்டு ஆகிறது, நெட்வொர்க்கிங் பயிற்சியும் முடித்துவிட்டேன், ஆனாலும் அலுவலகக் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பராமரிக்கும் இந்த வேலைக்கு எங்கே விண்ணப்பித்தாலும் முன் அனுபவம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2016-இல் ஈரோட்டில் இதே கேள்வியோடு ஏழு மாதம் வீட்டில் இருந்தவன் நான். பயிற்சிக்கு நீங்கள் கட்டிய பணம் உங்கள் வீட்டில் எளிதாகப் புரண்ட பணமாக இருக்காது என்றும், 'இன்னும் வேலை கிடைக்கவில்லையா' என்று உறவினர்கள் கேட்கத் தொடங்கியிருப்பார்கள் என்றும் எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

என் பதில் இதுதான்: ஒரு சிறிய நெட்வொர்க்கை உங்கள் கையால் அமையுங்கள், அதில் பழுது வரட்டும், அந்தப் பழுதை நீங்களே கண்டுபிடியுங்கள், கண்டுபிடித்த வழியைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேர்காணலில் அனுபவம் என்று அவர்கள் தேடுவது பெரும்பாலும் அந்த நோட்டில் இருப்பதைத்தான். 'எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே பயன்படுத்தும் சர்வர்களுக்கு, போய்விட்ட காலத்தில் பழைய கதை பேசுகிறார்' என்று சிலர் சொல்லக்கூடும். கிளவுடையும் கற்கத்தான் வேண்டும். 2023 வரை அசூர் ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயரில் இருந்த, ஊழியர்களின் லாகின்களைக் கிளவுடில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் என்ட்ரா ஐடியை இன்று நானே தினமும் கையாள்கிறேன். ஆனால் அலுவலகத்தில் ஒருவருடைய கணினிக்கு, நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி சரியாகக் கிடைக்கவில்லை என்றால் அவரால் அந்தக் கிளவுடைத் தொடவே முடியாது. ஜூனியர் வேலையில் முதல் ஆண்டு முழுவதும் உங்களைத் தேடி வருவது இத்தகைய புகார்கள்தான்.

அப்பாவின் சீட்டுப் பணத்தில் 11,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஐ5 கணினி வாங்கி, ரேமை 8 ஜி.பி. ஆக்கினேன். ஒரே கணினிக்குள் பல கணினிகளை மென்பொருளாக ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், விண்டோஸ் சர்வர் 2016-ஐ மதிப்பீட்டுப் பதிப்பாக 180 நாள் கட்டணமின்றிப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் அனுமதித்தது, இப்போதைய பதிப்புகளுக்கும் அதே வசதி உண்டு. அதில் பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் ஒன்றை அமைத்து, பெயரை வைத்து முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டி.என்.எஸ்., கணினிகளுக்குத் தானாக ஐ.பி. முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. இரண்டையும் நிறுவி, ஒரு விண்டோஸ் 10 கணினியை அந்த டொமைனில் சேர்ப்பதற்கே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒருநாள் மாலை, விர்ச்சுவல் சர்வரின் நெட்வொர்க் அமைப்பை, தனியாக ஒதுங்கியிருக்கும் 'இன்டர்னல்' என்பதிலிருந்து வீட்டு நெட்வொர்க்கோடு சேரும் 'பிரிட்ஜ்டு' என்று மாற்றிவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தால், கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த தங்கை இணையம் வரவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். வீட்டு ரௌட்டர் முகவரி தருவதற்கு முன்பே என் சர்வர் முந்திக்கொண்டு அவளுடைய கைப்பேசிக்கு 10.10.10 வரிசையில், இணையத்துக்கு வழியில்லாத ஒரு முகவரியைக் கொடுத்திருந்தது. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டி.எச்.சி.பி. இருந்தால் முதலில் பதில் தருவதைத்தான் கருவிகள் ஏற்கும் என்பதைப் பயிற்சி மையத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தேன். அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

2017 பிப்ரவரியில், ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துக் கணினிகளைப் பராமரிக்கும் ஒரு சிறிய கடையில் சேர்ந்தேன். மாதம் 5,000 ரூபாய், பெட்ரோல் தனி. கடை அண்ணன் முதல் மாதம் முழுவதும் நெட்வொர்க் கேபிளின் நுனியில் பிளக் பொருத்தும் கிரிம்பிங் மட்டுமே செய்ய வைத்தார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற கம்பி வரிசை இன்றும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இருபது கணினிகள் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு என்னைத் தனியாக அனுப்பினார். அங்கே கணக்கு எழுதும் அக்கா, "தம்பி, எனக்கு டாலி தொறக்கவே மாட்டேங்குதுங்க, பக்கத்து சீட்டுல மட்டும் நல்லா வருது" என்றார். அன்று காலையே எனக்கு முன்னால் வந்த வேறொருவர் அவருடைய கணினியில் விண்டோஸையே புதிதாக ஏற்றிவிட்டுப் போயிருந்தார், பழுது அப்படியே இருந்தது.

நான், கணினியின் நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் ஐ.பி.கான்ஃபிக் ஆல் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். டாலி கணக்குகள் உள்ள சர்வர் இருந்தது 192.168.10 வரிசையில், அக்காவின் கணினிக்குக் கிடைத்திருந்தது 192.168.0 வரிசையில், அதனால் அது சர்வரை எட்டவில்லை. டி.எச்.சி.பி. சர்வர் என்ற வரியில் 192.168.0.1 என்று இருந்தது. அந்த எண்ணை பிரவுசரில் அடித்ததும் வீடுகளில் வைக்கும் வைஃபை ரௌட்டர் ஒன்றின் லாகின் பக்கம் திறந்தது. தங்கையின் கைப்பேசி உடனே நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு ரௌட்டரை உள்ளே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள், அன்று காலை புதிதாக முகவரி கேட்ட கணினிகள் மட்டும் அதனிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்பது தெளிவாயிற்று. ஆனால் அது எந்த மூலையில் இருக்கிறது என்று அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை.

எல்லோரையும் வேலையைச் சேமித்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். 192.168.0.1-இலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை நிற்காமல் ஓடும்படி விட்டு, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, திரையைப் பார்த்து, மறுபடி மாட்டினேன். பதிமூன்று கேபிள்களைக் கழற்றியும் பதில் வந்துகொண்டே இருந்தது. பதினான்காவதைக் கழற்றியபோது பதில் இல்லை என்று சொல்லும் 'ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்ற வரி வந்தது. அந்தக் கேபிளைத் தொடர்ந்து போனால் பெரிய ஆடிட்டரின் அறை. கைப்பேசிக்கு வைஃபை வேண்டும் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த ரௌட்டரை ஞாயிற்றுக்கிழமை அவரே மாட்டியிருந்தார். சுவரிலிருந்து வந்த கேபிள், வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் போயிருந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வந்திருக்காது. அது உள் கணினிகளுக்கான லேன் போர்ட்டில் இருந்தது. அந்த ரௌட்டரின் டி.எச்.சி.பி.-யை நிறுத்தி, அலுவலக வரிசையிலேயே ஒரு நிலையான முகவரி கொடுத்து, வைஃபைக்கு மட்டும் பயன்படும்படி அமைத்துக் கொடுத்தேன். கணினிகளில் முகவரியைப் புதுப்பித்ததும் டாலி திறந்தது. அன்றிரவு நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். கேபிளைக் கழற்ற முடியாத பெரிய அலுவலகமாக இருந்தால் என்ன செய்வது என்று தேடிப் படித்து அதையும் சேர்த்துக்கொண்டேன்.

2018 இறுதியில் கோவையில் நடந்த நேர்காணலில், நான் தீர்த்த பழுது ஒன்றைச் சொல்லும்படி கேட்டார்கள். இதைச் சொன்னேன். "இருநூறு பேர் வேலை செய்யும்போது இப்படிக் கேபிளைக் கழற்றுவீர்களா?" என்று அடுத்த கேள்வி வந்தது. எந்த ஐ.பி. எந்தக் கருவியுடையது என்று காட்டும் ஏ.ஆர்.பி. பட்டியலில் அந்த ரௌட்டரின் மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணை எடுத்து, கணினியிலிருந்தே கட்டுப்படுத்தக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச்சின் மேக் அட்டவணையில் அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் போர்ட்டை மட்டும் நிறுத்துவேன், இனி நடக்காமலிருக்க, அனுமதியில்லாத டி.எச்.சி.பி.-யை ஸ்விட்ச்சிலேயே தடுக்கும் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்கை இயக்குவேன் என்றேன். அதை அதுவரை நான் செய்ததில்லை, படித்திருக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். வேலை கிடைத்தது.

எனக்கு அமைந்ததுபோல எல்லோருக்கும் அமையும் என்று நான் சொல்லவில்லை, அதில் தற்செயலும் இருந்தது. கடை கிடைக்காதவர்கள் மத்திய அரசின் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிந்து பார்க்கலாம். பட்டதாரிகளுக்கும் பட்டயம் படித்தவர்களுக்கும் மாத உதவித்தொகையோடு பயிற்சி உண்டு, முடித்தால் சான்றிதழும் உண்டு. தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது.

ஒரு மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். 2021-இல் வேறு நிறுவனத்துக்கு மாற முயன்றபோது, கடையில் உழைத்த 21 மாதங்களை அனுபவமாக ஏற்க மறுத்தார்கள். பி.எஃப். கணக்கு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை என்பது காரணம். இருபது பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கடைக்குப் பி.எஃப். கட்டாயமில்லை என்று நான் எடுத்துச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இதே காலத்தில் போலி அனுபவச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகள் தடையின்றி நடக்கின்றன என்பது எனக்கு இன்றும் வேதனை. பணம் கொடுத்து அதை வாங்கிவிடாதீர்கள், பி.எஃப். கணக்குகளை இணைக்கும் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பின்னணி சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். அதனால் சிறிய கடையில் சேர்ந்தால் சம்பளத்தை முதல் மாதத்திலிருந்தே வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். விலகும்போது, என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விவரித்து லெட்டர்பேடில் கையெழுத்திட்ட கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதை விலகும்போது வாங்கவில்லை. மூன்றாண்டு கழித்துப் போய்க் கேட்டபோது அண்ணன் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஆடிட்டர் அலுவலக வேலை உட்பட நினைவிலிருந்த எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கத்துக்குத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.