11 வயது பொமரேனியனுக்கு சாப்பாட்டை மாற்றலாமா?

உங்கள் பொமரேனியனுக்கு 11 வயது, பல வருஷமாக ஒரே ட்ரை ஃபுட்தான், ஆளும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைக்காரர் "இனிமே சீனியர் ஃபுட்தான் போடணும்" என்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். நான் அப்படி மாற்றித்தான் இரண்டு மாதத்தை வீணடித்தேன்.

எங்கள் ஜூலியும் பொமரேனியன்தான், 5 கிலோ. பத்து வயது தாண்டியதும் தட்டில் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். வயசாகிவிட்டது, பழையது செரிக்கவில்லை போல என்று நானே முடிவு கட்டி சீனியர் பாக்கெட் வாங்கி வந்தேன், அதையும் ஒரே நாளில் மாற்றினேன். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, வீட்டைத் துடைத்து மாளவில்லை. அப்புறம் வேறு கம்பெனி, அப்புறம் இன்னொன்று. ஒரு நாள் ராத்திரி அவள் சாப்பிடுவதைச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு உருண்டையை வாயில் எடுக்கிறாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறாள், கடிக்க முடியாமல் தரையில் போடுகிறாள், போட்டதையே மறுபடி நக்கிப் பார்க்கிறாள். பசி இல்லாத நாய் அப்படிச் செய்யாது. டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டியபோதுதான் தெரிந்தது, கடைவாய்ப் பல் முழுக்க பழுப்புக் காறை, சுற்றி ஈறு செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து மூன்று பல்லை எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே பழைய சாப்பாட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன், தட்டு காலி.

குட்டி வாயில் பற்கள் நெருக்கியடித்து இருப்பதால் சின்ன ஜாதி நாய்களுக்கு ஈறு நோய் ரொம்ப சகஜம். அதனால் முதலில் வாயைப் பாருங்கள்.

இந்த 'சீனியர்' என்ற வார்த்தையையும் அப்படியே நம்ப வேண்டாம். நாய் உணவில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கணும் என்று வகுக்கும் அமெரிக்க அமைப்பு ஆஃப்கோ (AAFCO); பல கம்பெனிகள் பின்பற்றும் அதன் அளவுகோலில் வளரும் நாய்க்கு ஒன்று, வளர்ந்த நாய்க்கு ஒன்று, அவ்வளவுதான்; கிழட்டு நாய்க்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆகவே ஒருவர் புரதத்தைக் குறைப்பார், இன்னொருவர் கூட்டுவார், இரண்டு பாக்கெட்டிலும் சீனியர் என்றுதான் போட்டிருக்கும். வயதானால் கிட்னிக்காகப் புரதத்தைக் குறைக்கணும் என்று பலர் சொல்வதும் பாதிதான் சரி. கிட்னி நன்றாக இருக்கும் நாய்க்குக் குறைத்தால் ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும் தசைதான் இன்னும் கரையும். கிட்னி கெட்டுவிட்டது என்று பரிசோதனையில் தெரிந்தால் பாஸ்பரஸைக் குறைத்த தனி உணவு இருக்கிறது, அதை டாக்டர் எழுதிக் கொடுப்பார். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, இதயச் சத்தத்தையும் கேட்கச் சொல்லுங்கள் (இந்தச் சைஸ் நாய்களுக்கு வயதானால் இதய வால்வு பழுதாவது அதிகம்). எல்லாம் சரி, எடையும் சரி என்றால் பழையதையே போடுங்கள்.

எடைக்கு நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, அப்புறம் தனியாக ஏறிக் கழித்தால் போதும், மாதம் ஒரு தடவை. பொமரேனியனின் முடி கண்ணை ஏமாற்றிவிடும். 5 கிலோவில் அரை கிலோ இறங்குவது 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்த மாதிரி.

எடை ஏறுகிறது என்றால் சாப்பாட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் வீட்டு ஆட்களை விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அப்பா காலையும் மாலையும் டீயோடு மூன்று மூன்று மேரி பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார், "ஒண்ணே ஒண்ணுதாம்மா" என்று என்னிடம் சத்தியம் செய்துகொண்டே. ஒரு பிஸ்கட் 20 கலோரிக்கு மேல். 5 கிலோ கிழட்டு நாய்க்கு நாள் முழுக்கத் தேவையே சுமார் 300 கலோரிதான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம் போட்ட சாம்பார் சாதமும், திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கலும் எந்த வயதிலும் கூடாது, இரண்டும் நாய்க்கு விஷம்.

மாற்றியே ஆக வேண்டிய காரணம் கிடைத்தால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு புதுசு, முக்கால் பங்கு பழசு, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டே போகலாம், மலம் இளகினால் அங்கேயே நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். அந்தச் சமயத்தில் புது டானிக், புது பிஸ்கட் என்று எதையும் சேர்க்காதீர்கள், எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

ஒன்று மட்டும், தண்ணீர்க் கிண்ணத்தை வழக்கத்தைவிட அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தால் கடைக்குப் போகாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள்.