வட்டியை அக்கா கட்டுகிறா, அது பிரச்சினை இல்லையாம்

கேள்வி: எனக்கு 26 வயது. திருகோணமலை, உப்புவெளியில் இருக்கிறேன். ஐந்து வருடமாக டீஜே. சீசனில் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வெள்ளி, சனி இரவுகளில் பாட்டுப் போடுகிறேன். மாரியில் கலியாணவீடு, சாமத்தியவீடு. ஹவுஸ், டெக்னோவில் சொந்தமாக ட்ராக் செய்து வெளியிட ஆசை. லப்டொப்பில் 70 தொடங்கி வைத்திருக்கிறேன், ஒன்றும் எட்டு பாரைத் (நாலு அடி ஒரு பார்) தாண்டவில்லை. அறை பத்துக்குப் பத்து, கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்துதான் வேலை. அறையில் பலமாகக் கேட்கும் கிக் (ட்ரம்மின் கனத்த அடி), ஹோட்டல் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. இருப்பது ஐந்து அங்குல மொனிற்றர் ஸ்பீக்கர். போன வருடம் அக்காவின் மூன்று பவுண் சங்கிலியை ஈடு வைத்து வாங்கினேன். வட்டியை அக்காவே கட்டுகிறா, அது பிரச்சினை இல்லை. எட்டு அங்குல மொனிற்றரும் ஒரு சிந்தசைசரும் வாங்கினால் தரம் கூடுமா? கொழும்புக்குப் போய்விடுவது நல்லதா?

பதில்: தம்பி, மொனிற்றர் எத்தனை அங்குலம் என்று எழுதியிருக்கிறீர். சங்கிலி எத்தனை பவுண் என்றும் எழுதியிருக்கிறீர். மாதம் எவ்வளவு வட்டி என்று மட்டும் எழுதவில்லை. கட்டுகிறவருக்குத்தானே அந்தக் கணக்குத் தெரியும்.

"அது பிரச்சினை இல்லை." யாருக்கு? அக்கா அப்படிச் சொல்லியிருந்தால் "பிரச்சினை இல்லை என்று அக்கா சொல்லுறா" என்று எழுதியிருப்பீர். நீர் கேட்கவே இல்லை. கேட்டாலும் அவ இல்லையென்றுதான் சொல்லுவா; தம்பிக்குக் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிற அக்காமார் நம் பக்கத்தில் குறைவு. அதற்காக வாங்கினவன் அந்தச் சொல்லை நம்பிக்கொண்டு இருக்கலாமா? மாரியில் கலியாணவீடு கலியாணவீடாகப் பாட்டுப் போடுகிறீரே, அடுத்த முறை மேடையில் நிற்கும்போது வந்திருக்கிற பெண்களின் கழுத்தை ஒரு தடவை பாரும். பிறகு, அக்கா எந்தக் கலியாணவீட்டுக்குக் கடைசியாகப் போனா என்று யோசித்துப் பாரும்.

மொனிற்றர் வாங்க வேண்டாம். அக்காவின் சங்கிலிக்காக மட்டும் சொல்லவில்லை. உம்முடைய அறைக்கு அது பொருந்தாது.

பத்து அடி என்பது 3.05 மீற்றர். உங்கள் ஊர் வெக்கையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி போய்த் திரும்ப 6.1 மீற்றர். 350ஐ அதால் வகுத்தால் 57 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 57 அதிர்வு, வரும். அந்தச் சுருதியில் உமது அறை தானாகவே முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றென்பதால் இரண்டு மடங்கு. ஹவுஸ், டெக்னோ கிக்கின் அடிநாதம் பெரும்பாலும் 45க்கும் 60க்கும் இடையில்தான் இருக்கும். அந்த முழக்கம் சுவரோரத்தில் மிக அதிகம், அறையின் நடுவில் மிகக் குறைவு. நீர் சுவரில் சாய்ந்திருக்கிறீர். அறை கூட்டிக் கொடுக்கிற கிக்கை உமது கிக் என்று நினைத்து அதைக் குறைத்துவிடுகிறீர். ஹோட்டலுக்கு அந்தச் சுவர் வராதே. கிக் போன இடம் அதுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் இன்றிரவே 57 ஹேர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, சுவரிலிருந்து அறையின் நடுவுக்கு நடந்து பாரும். பொங்குவதும் ஒடுங்குவதும் காதுக்கே தெரியும். ஐந்து அங்குல மொனிற்றர் 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே தானாகவே தளர்ந்துவிடும். எட்டு அங்குலம் அங்கேயும் நன்றாகத் தள்ளும், அறை இன்னும் பெரிதாகப் பொய் சொல்லும். சுவரில் ஒட்டுகிற இரண்டு அங்குல ஸ்பொஞ்சும் உதவாது. 57 ஹேர்ட்ஸின் அலையில் கால்பங்கே ஐந்து அடி. அதை ஒழுங்காக விழுங்க அத்தனை கனம் வேண்டும், அறையில் பாதி போய்விடும்.

செய்யக் கூடியது செலவில்லாதது. கட்டிலை விட்டு எழும்பும். ஒரு கதிரையும் மேசையும் போடும். ஸ்பீக்கர் இருக்கும் சுவரிலிருந்து உமது தலை மூன்றே முக்கால் அடியில் இருக்கட்டும். அறை நீளத்தில் 38 வீதம் என்று சொல்லும் கணக்கு அது, நடுவின் பள்ளத்துக்கும் சுவரின் பொங்கலுக்கும் இடைப்பட்ட இடம். இரண்டு ஸ்பீக்கரும் தலையும் சம முக்கோணம், ட்வீட்டர் (மேல்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். இவ்வளவுக்குப் பிறகும் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இந்த அறையில் தீர்மானிக்க வேண்டாம். அதற்கு ஹெட்போனும், ஸ்பான் போன்ற இலவச அலைவரிசை மீற்றரும் போதும்.

ஹோட்டலில் கிக் தேய இன்னும் இரண்டு காரணம் இருக்கலாம். அங்கே பல இடங்களில் ஸ்பீக்கர்கள் மோனோவில், அதாவது இடம் வலம் பிரியாமல், ஓடும். நீர் கிக்குக்கோ பேஸுக்கோ அகலம் கூட்டும் பிளக்இன் (மென்பொருளுக்குள் போடும் துணைக்கருவி) போட்டிருந்தால், இடமும் வலமும் ஒன்று சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ, விதிவிலக்கில்லை. இரண்டாவது, சப் (தாழ்சுருதிக்கான பெரிய ஸ்பீக்கர்) இல்லாத சின்ன ஸ்பீக்கர்களால் 50 ஹேர்ட்ஸைக் கொடுக்கவே ஏலாது. கிக்கில் கொஞ்சம் சற்றுரேஷன் (ஒலியை இலேசாகச் சிதைப்பது) போட்டு 100 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை மேற்சுருதி நிழல் உண்டாக்கினால், அடி இல்லாத இடத்திலும் காது அடியை ஊகித்துக் கொள்ளும்.

இனி அந்த எழுபது. நிமிடத்துக்கு 125 அடி வேகத்தில் ஒரு பார் 1.92 செக்கன், எட்டு பார் 15 செக்கன். எழுபதையும் கூட்டினால் பதினெட்டு நிமிடம். ஐந்து வருட டீஜேக்கு இது வெட்கமான கணக்கு. ஏனென்றால் ஒரு ட்ராக் எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று அறைக்குள் மட்டும் இருந்து செய்கிறவனைவிட உமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இசையே டீஜேக்களின் தேவையில் பிறந்தது. சிக்காகோவில் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977 முதல் வாசித்த ஃபிராங்கி நக்கிள்ஸ், ஆடுகிறவர்களுக்குப் போதாத டிஸ்கோ பாட்டுகளை டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார், பிறகு ட்ரம் மெசினைச் சேர்த்தார். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அந்த நகரத்துப் பெடியள் முறுக்கி, அசிட் ஹவுஸின் ஒலியை எடுத்த ரோலண்ட் 303 பேஸ் சிந்தசைசர், பேஸ் கிற்றாருக்குப் பதிலாக விற்க வந்து தோற்றுப்போன பெட்டி. அதனால்தான் மலிவாகக் கைமாறியது. ஆகவே சிந்தசைசர் கதையை இந்த வருடம் விடும். வைற்றல் என்ற இலவச சிந்த் உமது எழுபதுக்கும் போதும். மென்பொருள் உடைத்ததா வாங்கியதா என்று நீர் எழுதவில்லை, எனக்கு விளங்குகிறது. ரீப்பர் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருள் 60 நாள் முழுதாகப் பாவிக்கத் தரும், பிறகு தனியாளுக்கு 60 டொலர். ட்ராக்கின் நடுவில் நின்றுபோகிற களவு பிளக்இன்னோடு மாரடிப்பதைவிட அது மலிவு.

எழுபதில் ஒன்றைத் தெரிவு செய்யும். மற்ற அறுபத்தொன்பதையும் வேறொரு ஃபோல்டரில் போட்டு மூடும். வெள்ளிக்கிழமைகளில் ஆட்களை எழுப்பிய ஒரு ட்ராக்கை அதே ப்ரொஜெக்டுக்குள் இழுத்துப் போட்டு, வேகத்தைப் பொருத்தி, எட்டு பாருக்கு ஒரு குறி வைத்து, என்ன வந்தது என்ன போனது என்று எழுதும். அது மாஸ்டர் (வெளியிடுமுன் சத்தத்தைச் சீராக்கிக் கூட்டும் கடைசி வேலை) செய்யப்பட்டது என்பதால் உமது மிக்ஸைவிடப் பலமாக இருக்கும். எட்டு டெசிபலோ பத்தோ குறைத்து, காதுக்குச் சமமாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகக் கேட்கும், அதில் ஏமாறாதேயும்.

பிறகு உமது எட்டு பாரை 192 பாருக்குப் பிரதி எடும். ஆறு நிமிடம் எட்டுச் செக்கன் வரும். இனிச் சேர்க்கக் கூடாது, கழிக்க வேண்டும். முதல் 32 பார் கிக், ஹட், தட்டு மட்டும், அடுத்த டீஜே கலக்க இடம் வேண்டுமே. 33இல் பேஸ். 65இல் முழுதும். 97இல் கிக்கை எடுத்து 16 பார் வெறுமையாக விடும், 113இல் எல்லாம் திரும்பட்டும். கடைசி 32 பார் முதலைப் போலவே. மூன்று மணித்தியாலத்தில் முடிகிற வேலை இது. அசிங்கமாக இருந்தாலும் முழு ட்ராக் ஒன்று இருக்கும்.

கிக்கும் பேஸும் மோதும் இடத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். 125இல் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் 480 மில்லிசெக்கன். கிக்கின் வால் 200 முதல் 250க்குள் ஓய வேண்டும், மிச்ச இடம் பேஸுக்கு. கிக்கை ட்ராக்கின் சுருதிக்கு இறக்கும்: ஜி என்றால் 49 ஹேர்ட்ஸ், ஏ என்றால் 55. பேஸை சைட்செயினில் (கிக் விழும்போது பேஸ் தானாக ஒதுங்கும் முறை) கிக்கோடு கட்டி, 100 முதல் 150 மில்லிசெக்கனில் மீள விடும். பேஸும் கிக்கும் தவிர்ந்த எல்லாவற்றிலும் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். மாஸ்டரில் லிமிற்றர் (உச்சத்தை மட்டுப்படுத்தும் கருவி) போட்டுக்கொண்டு மிக்ஸ் செய்ய வேண்டாம், உச்சம் −6 டெசிபலில் நிற்கட்டும்.

24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் வேவ் ஆக எடும். 32 பிட் ஃப்ளோட்டில் எடுத்தால் சீடீஜே (ஹோட்டலில் இருக்கும் டீஜே பிளேயர்) திறக்காது, ஆட்கள் முன்னால் நின்று வியர்ப்பீர். பென் ட்ரைவை ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்யும். ஹோட்டலுக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கே போய், ஆளில்லாத நேரத்தில் உமது ட்ராக்கையும் ஒப்பிட்ட ட்ராக்கையும் மாற்றி மாற்றிப் போட்டு மூன்று குறைகள் மட்டும் எழுதும். நாலாவது எழுதினால் ஒன்றும் திருத்தமாட்டீர். இரவு ஒன்பது மணிக்கு ஆட்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது முதல் தடவை போடும், உச்ச நேரத்தில் அல்ல. நிகழ்ச்சி முடிந்து வந்த கையோடு மிக்ஸ் செய்யாதேயும். 100 டெசிபலில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். நாலு மணித்தியாலம் நின்ற காது மந்தமாகிக் கிடக்கும், ஹட்டை எல்லாம் கூட்டிவிடுவீர்.

புதிய ஒலி வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போம். கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டில் ஒருவர் எடுக்க மற்றவர்கள் ஏந்துவார்கள், கயிற்றின் இழுப்போடு குரல் ஏறும். டெக்னோக்காரர் மெசினில் தேடுவது அங்கே ஆட்களின் தோளில் இருக்கிறது. கேட்டு அனுமதி வாங்கும், ட்ராக் வெளியானால் அவர்கள் பெயரைப் போடும், காசு வந்தால் பங்கு கொடும். போனின் மைக்கைத் துணியால் மூடினால் காற்று இரைச்சல் குறையும். இழுப்புக்கு இழுப்பு வேகம் மாறும் என்பதால், முழுப் பதிவையும் நீட்டிச் சுருக்காமல் இழுப்பு இழுப்பாக வெட்டிக் கிரிட்டில் (மென்பொருளின் தாளக் கட்டத்தில்) வையும். சினிமாப் பாட்டின் குரலை உருவி ஒட்டுவது இரவுக்கு நல்லது, வெளியிட முடியாது.

கொழும்பு வேண்டாம். அங்கே அறை வாடகைக்கு நாலு நிகழ்ச்சி தேடி அலைவீர், ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்க ஒரு மண்டபம் கிடைக்காது. உப்புவெளியில் வாரம் இரண்டு இரவு உமக்குச் சம்பளத்தோடு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை மழை, வெளிநாட்டார் வரவு குறைவு. அந்த மாதங்களில் மூன்று ட்ராக் முடித்தால் சித்திரையில் சீசன் தொடங்கும்போது கையில் சாமான் இருக்கும்.

மாரி வருமானம் சிறியது என்பீர். சிறியதில் பாதி ஈட்டுக்கு. கலியாணவீட்டுக் காசு கைக்கு வந்த இரவே பாதியை எடுத்து வேறாக வையும். இந்த மாத வட்டியை நீரே போய்க் கட்டி, பற்றுச்சீட்டை அக்காவின் கையில் கொடும். பேச்சு வேண்டாம், பற்றுச்சீட்டுப் போதும். சங்கிலி மீளும்வரை வயர் ஒன்றுகூட வாங்கக் கூடாது. அந்த ஐந்து அங்குல மொனிற்றரை விற்றுக் கட்டினாலும் நான் குறை சொல்லமாட்டேன், மேலே சொன்ன வேலை முழுக்க ஹெட்போனில் நடக்கும்.

போன வருடம் ஈடு வைத்தேன் என்கிறீர், மாதம் எழுதவில்லை. தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். ஈட்டுத் துண்டு அக்காவின் அலுமாரியில் இருக்கும். இன்றைக்கே வாங்கி, திகதியைப் பாரும்.