டீசல் விலையும் நூறு நாள் தண்டலும்

கேள்வி: காரைக்குடி அருகே இரண்டு சரக்கு வண்டிகள் வைத்து, ஆத்தங்குடி டைல்ஸை மதுரை, திருச்சி, சென்னைக்கு ஏற்றிச் செல்லும் தொழில் செய்கிறேன். மாதம் சுமார் 1,100 லிட்டர் டீசல் ஆகிறது. விலை எப்போது ஏறும் என்று தெரிவதில்லை. ஊருக்கு ஊர் சில காசுகள் வேறுபடவும் செய்கிறது. வாடகையை ஆண்டுக்கு ஒருமுறை பேசிவிடுவதால், விலை ஏறினால் பங்க் கணக்கைத் தீர்க்க, தினமும் வசூலிக்கும் தண்டல் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அதே கணக்கில் என் மைத்துனரும் தம் டிராவல்ஸ் காருக்கு டீசல் போட்டுக்கொள்கிறார். அது பெரிய தொகை இல்லை. அரசே விலையைக் கட்டுப்படுத்தினால் என்ன? கச்சா எண்ணெயை முன்பேரச் சந்தையில், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் சந்தையில், வாங்கி ஈடுகட்டலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: விலை ஏன் மாறுகிறது என்பதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பணம் கரைவது வேறு இடத்தில். நமக்குத் தேவைப்படும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி என்பதால், உலகச் சந்தை விலையும் டாலர் மதிப்பும் சேர்ந்து அடிப்படை விலையைத் தீர்மானிக்கின்றன. அதன்மேல் மத்திய கலால் வரி, விற்பனையாளர் கமிஷன், மாநில மதிப்புக் கூட்டு வரி ஆகியவை ஏறுகின்றன. ஒரே மாநிலத்துக்குள் காணப்படும் காசு வித்தியாசம் பெரும்பாலும் எண்ணெய்க் கிடங்கிலிருந்து பங்க் வரையிலான லாரி வாடகையே. வரி குறைந்த புதுச்சேரிப் பகுதியான காரைக்காலில் டீசல் மலிவு என்பது உண்மைதான். அதற்காக வண்டியை அங்கே ஓட்டிச் சென்று நிரப்பினால் போக வரச் செலவே அதைத் தின்றுவிடும்.

கட்டுப்பாடு வேண்டுமா என்பதற்கு என் பதில், அதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டோம் என்பதே. டீசல் விலையை 2014 அக்டோபர் வரை அரசே நிர்ணயித்தது. எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பின் ஒரு பகுதிக்கு 2005ஆம் ஆண்டுக்குப் பின் ரொக்கத்துக்குப் பதிலாக எண்ணெய்ப் பத்திரங்கள் என்னும் கடன் பத்திரங்களைக் கொடுத்து, அவற்றைப் பின்னர் வரிப்பணத்திலிருந்து தீர்க்க வேண்டியதாயிற்று. 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறலாம் என்பது ஏட்டளவில் உள்ள விதி. ஆனால் 2021 நவம்பரிலிருந்து ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும் வரை நான்கு மாதங்களுக்கு மேல் அசையாமல் இருந்த விலை, 2022 மார்ச் 22 முதல் சுமார் இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 10 ரூபாய் ஏறியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து கிடந்த 2020 மே மாதத்தில் டீசல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 13 ரூபாய் உயர்ந்ததால், அந்தச் சரிவு நம் பங்க்குக்கு வந்து சேரவே இல்லை. விலையை முடக்குவதைவிட, கச்சா எண்ணெய் ஏறும்போது வரி தானாக இறங்கவும் இறங்கும்போது ஏறவும் வெளிப்படையான ஒரு விதி இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எந்த அரசும் அதற்கு அவசரப்படுவதாகத் தெரியவில்லை. ஆகவே அதை நம்பித் தொழில் நடத்த வேண்டாம்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். கடிதத்துடன் நீங்கள் அனுப்பியிருந்த வசூல் அட்டையின் படத்தைப் பார்த்தேன். 1 லட்சம் ரூபாய்க்குத் தண்டல். முதலிலேயே 12,000 ரூபாய் பிடித்துக்கொண்டு கையில் 88,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வசூல்காரரின் சுருக்கொப்பம் இருக்கிறது, ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்த அட்டை முடிந்த தேதியிலேயே அடுத்த அட்டை தொடங்குகிறது. நூறு நாளைக்கு 12 சதவீதம்தானே என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் நிற்கும் கடன் ஏறத்தாழ 44,000 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 12,000 ரூபாய் என்றால், ஆண்டு வட்டி கிட்டத்தட்ட 100 சதவீதம். பேரேடு எழுதி ஐந்தொகை பார்த்துப் பழகிய ஊரில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போடாமல் விட்டது எனக்குச் சற்று வருத்தமே.

ஆண்டு முழுவதும் இப்படியே புதுப்பித்தால் வட்டி மட்டும் சுமார் 43,800 ரூபாய். அடுத்து, பங்க் பில்லில் உங்கள் இரண்டு வண்டி எண்களுக்கு இடையே மூன்றாவதாக வரும் எண் உங்கள் மைத்துனருடையது. மாதம் ஏறத்தாழ 6,000 ரூபாய்க்கு டீசல் போட்டு, பாதியைத்தான் அவர் திருப்பித் தருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் ஆண்டுக்கு 36,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 79,800 ரூபாய். உங்கள் ஆண்டுத் தேவையான 13,200 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 6 ரூபாய்க்குச் சற்று மேல். 2022 மே மாதத்தில் மத்திய அரசு டீசல் மீது குறைத்த கலால் வரியும் இதே 6 ரூபாய்தான். அரசு தந்த சலுகை முழுவதையும் தண்டல்காரரும் மைத்துனரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

நண்பர் சொல்லும் கச்சா எண்ணெய் முன்பேர வர்த்தகத்தைத் தொடவே வேண்டாம். சந்தையில் கச்சா எண்ணெய் நொடிக்கு நொடி மாறும், பங்க்கில் டீசல் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். கச்சா இறங்கினால் அங்கே நஷ்டம் உங்களுடையது, ஆனால் இங்கே டீசல் மலிவாகாது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனபோது, நம் நாட்டு முன்பேரச் சந்தையான எம்சிஎக்ஸில் அந்த மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று தீர்க்கப்பட்டது. 100 பீப்பாய் ஒப்பந்தம் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர், வாங்கிய விலை முழுவதையும் இழந்ததோடு 2,88,400 ரூபாயைக் கூடுதலாகவும் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் மாதத் தேவை 7 பீப்பாய்க்குக்கூட வராது.

உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பு வாடகைச் சீட்டிலேயே இருக்கிறது. சென்னை போய்வர 800 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று கொண்டால் 80 லிட்டர். டீசல் 3 ரூபாய் ஏறினால் ஒரு நடைக்கு 240 ரூபாய்தான் கூடும். பேசிய நாளின் டீசல் விலையைச் சீட்டில் எழுதி, அது 2 ரூபாய்க்கு மேல் மாறினால் வித்தியாசம் கூட்டவோ குறைக்கவோ படும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பட்டறைக்காரர்கள் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இறங்கும்போது குறைக்கவும் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். அதைவிட முக்கியம், சரக்கு ஏற்றும்போதே டீசல் செலவை முன்பணமாக வாங்கிவிடுவது. அறுபது நாள் கழித்து வரும் வாடகையை நம்பி இன்று டீசல் போடுவதால்தான் தண்டல் தேவைப்படுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் தண்டலை, லாக்கரில் இருப்பதாக நீங்கள் சொல்லும் நகையில் ஒரு பகுதியை வங்கியில் அடகு வைத்துத் தீர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றாலும் 1 லட்சத்துக்கு 10,000 ரூபாய். மாதம் 9,000 ரூபாய் வீதம் அசலோடு கட்டிக்கொண்டு வந்தால் வட்டி அதிலும் பாதியளவே ஆகும், ஒரே ஆண்டில் நகையும் வீட்டுக்கு வந்துவிடும். ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிப்பதாக இருந்தால் இந்த ஏற்பாட்டைத் தொடங்கவே வேண்டாம்.

மைத்துனரிடம் நேரில் சொல்வது சங்கடம் என்று எழுதியிருந்தீர்கள். பங்க் கணக்கை மூடிவிட்டு, முன்பணம் செலுத்தி நிரப்பும் ஃப்ளீட் கார்டை உங்கள் இரு வண்டிகளுக்கு மட்டும் வாங்குங்கள். அது வரும் வரை, இந்த இரண்டு வண்டி எண்களைத் தவிர வேறு எதற்கும் என் கணக்கில் டீசல் ஊற்ற வேண்டாம் என்று பங்க் மேலாளரிடம் இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.