ஒரு நாழிகையில் மோட்சமா?

கேள்வி: சோளிங்கர் பெரிய மலையில் ஒரு நாழிகை இருந்தாலே மறுபிறவி இல்லையாமே? கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். கூட்டத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்க விடவில்லை. பலன் உண்டா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: நாழிகை என்பது 24 நிமிடம். அதைத்தான் வடமொழியில் கடிகை என்பார்கள். ஊருக்குத் திருக்கடிகை என்று பெயர் வந்ததும் அதனால்தான். விசுவாமித்திரர் இங்கே ஒரு கடிகை நேரம் நரசிம்மரை வழிபட்டுப் பிரம்மரிஷி ஆனார் என்கிறது தலபுராணம். அதற்கு முன் அவர் எத்தனை காலம் தவம் கிடந்தார் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வைணவ மரபில் பிறவியை அறுப்பது சரணாகதி. அதற்கு ஐந்து அங்கங்கள் உண்டு: பெருமாளுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி, உகக்காததை விடுதல், கட்டாயம் காப்பான் என்ற நம்பிக்கை, காப்பாற்று என்று வாய்விட்டுக் கேட்பது, என் கையில் ஒன்றுமில்லை என்ற உணர்வு. இவற்றோடு பாரத்தை அவனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரே முறைதான். நொடியில் முடிந்துவிடும், உங்கள் ஐந்து நிமிடமே தாராளம்.

பலர் சறுக்குவது நம்பிக்கையில்தான். ஒப்படைத்துவிட்டு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பரிகாரம் தேடுவார்கள். எதிரே சின்ன மலையில் இருக்கிறாரே ஆஞ்சநேயர், அவரை இலங்கையில் பிரம்மாஸ்திரம் கட்டியிருந்தபோது அரக்கர்கள் கயிறும் போட்டுக் கட்டினார்கள். உடனே அஸ்திரம் தானாக விலகிவிட்டது. வேறொன்றைத் தேடினால் சரணாகதியும் அப்படித்தான் விலகிவிடும் என்பதற்கு ஆசாரியர்கள் சொல்லும் உவமை அது.

உட்கார்ந்து தியானிக்க ஆசையென்றால் கார்த்திகையைத் தவிர்த்து, ஒரு வார நாளில் போங்கள். 1305 படி. கையில் பழப் பை வேண்டாம், குரங்குகள் விடாது.

கேள்வி: சரணடைந்தவருக்கும் நோய், கடன் வருகிறதே. வினை தீரவில்லையா?
- வாசகி, ஆரணி

பதில்: வினை மூன்று வகை. குதிரில் கிடக்கும் நெல் சஞ்சிதம். சோறாகி இலையில் விழுந்துவிட்டது பிராரப்தம். இப்போது விதைப்பது ஆகாமியம். சரணடைந்ததும் சஞ்சிதம் உங்கள் ஊர் ஆலையில் அவித்த நெல்லாகிவிடும், விதைத்தாலும் முளைக்காது. இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுத்தான் எழ வேண்டும். நோயும் கடனும் அந்தக் கணக்கு. இந்த உடலோடு அது முடியும். சரணடைந்த பின் தெரியாமல் செய்த பிழை ஒட்டாது. தெரிந்தே செய்தால் வருந்திக் கழுவாய் தேட வேண்டும் என்பது வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகரின் மரபு.

சைவ சித்தாந்தம் வேறு கணக்கு. அங்கே மூல நோய், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம் என்ற மலம். இருவினையொப்பு, மலபரிபாகம் (அந்த மலம் நீங்கும் பக்குவம் அடைவது), சத்திநிபாதம் (சிவனருள் உயிரில் பதிவது) என்று பக்குவம் வரும். இருவினையொப்பு என்றால் பாவமும் புண்ணியமும் எடையில் சமமாவது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டின் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றாகப் பார்க்கும் மனநிலைதான் அது.

கேள்வி: அப்பா முக்தி அடைந்திருந்தால் திதி எதற்கு? பாலாற்றில் தண்ணீரும் இல்லை.
- வாசகர், ஆம்பூர்

பதில்: அடைந்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது, கொடுப்பது உங்கள் கடமை. ஆங்கிலத் தேதியைப் பார்க்காதீர்கள். இறந்த மாதம், பட்சம், திதி மூன்றையும் பஞ்சாங்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எள்ளும் தர்ப்பையும் நல்ல தண்ணீரும் இருந்தால் வீட்டுக் கிணற்றடி போதும்.