பேரலையும் டீக்கடைப் பெண்ணும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மரப்பலகை அச்சுப் படமான 'பேரலை'தான் பல வருடங்களாக என் கைப்பேசியின் முகப்புப் படம். அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் படங்கள் கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்கே விற்றன என்று உங்கள் உரையில் சொன்னீர்கள். நடிகர் படமும் தாசி படமும் போட்டு விற்ற சரக்கை நாம் ஏன் பெருங்கலை என்கிறோம்? மேலைநாட்டார் மெச்சியதாலா?

கே.

அன்புள்ள கே.,

சரக்குதான், சந்தேகமே வேண்டாம். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து வணிகர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் கையில் காசு இருந்தது, சமூகத்தில் மதிப்பு இல்லை. கபுகி நாடகமும் யோஷிவாரா என்ற தாசிகள் பேட்டையும்தான் அவர்களின் உலகம். அந்த உலகத்தைத்தான் கடையில் தாள்தாளாக விற்றார்கள். முதல் போட்டவர் பதிப்பாளர். ஓவியர் வரைந்த தாளைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். வரைந்த தாள் அதோடு போயிற்று. நெற்றியோர முடியை இழை இழையாகச் செதுக்க மூத்த கைதான் வேண்டும். ஆனால் படத்தில் பெரும்பாலும் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும்தான் இருக்கும். எனக்கு இதில் தீராத வருத்தம்.

மேலைநாட்டார் மெச்சியதில் மவுசு கூடியது உண்மை. ஆனால் அழகிகளின் படங்களுக்குப் பேர்போன ஓவியர் உதாமாரோ பாரிஸை நினைத்தா வரைந்தார்? எடோவின் அசகுசா பகுதியில் நானிவாயா என்ற டீக்கடையில் ஓகிதா என்றொரு பெண். அவள் முகத்தைப் போட்டால் படம் விற்கும். 1793இல் அரசு ஒரு தடை போட்டது: கணிகையர் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் அச்சிடக்கூடாது. உதாமாரோ என்ன செய்தார் தெரியுமா? படத்தின் மூலையில் இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, கடல், வயல். கீரை 'நா', இரண்டு கட்டு 'நிவா', அம்பு 'யா', நடுக்கடல் 'ஓகி', வயல் 'தா'. வாய்விட்டுப் படித்தால் நானிவாயா ஓகிதா! விடுகதையை அவிழ்க்கிற சந்தோஷமும் அந்த நூடுல்ஸ் விலைக்குள்ளேயே அடக்கம். 1796இல் இந்தப் புதிருக்கும் தடை வந்தது. ஆளத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது, நன்றாகவே படம் பார்த்திருக்கிறார்கள்.

விற்றாக வேண்டும், மாட்டிக்கொள்ளவும் கூடாது. அந்த நெருக்கடி இல்லாமல் இந்தக் குறும்பு பிறந்திருக்காது என்பது என் எண்ணம். சரக்காக இருந்தும் கலையானது என்று நான் சொல்லமாட்டேன். சரக்காக இருந்ததால்தான்.

உங்கள் பேரலையையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அலைக்கடியில் மூன்று படகுகள், துடுப்போடு குனிந்திருக்கும் ஆட்கள். எடோ சந்தைக்கு மீன் வாடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வகைப் படகு அது.